மூன்றாவது கட்டம் காலி

மே 8

தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், தினமும் எதையாவது எழுதுங்கள் என்று. ராசிபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்க ‘வருக வருக’வும் ‘பூப்புனித நன்னீராட்டு விழா’வும் எழுதிக் கை ஓய்ந்துபோகிறது. அதற்கு மேல் சொந்தமாக எழுத என்ன இருக்கிறது? இன்றைக்கு ஒன்று இருக்கிறது. அதனால் மை கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரியை எடுத்துத் தூசி தட்டினேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. என் மகள் கனிஷ்கா அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. பள்ளியில் மூன்றாம் இடம். மார்க் போனுக்கு மெசேஜாக வந்திருக்கிறது. எங்கள் வீட்டு போன்களில் மெசேஜ் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறோம், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

செல்வநாயகி கேசரி கிண்டினாள். முதல் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டு, முன்னறையில் மூத்தவன் மிதுன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம்தான் எங்களுக்குக் கொடுத்தாள். கேசரி நன்றாகத்தான் இருந்தது.

மே 9

ஒரே நாளில் நாலு பள்ளிக்கூடத்து ஆர்டர். மஞ்சள் மை தீர்ந்துவிட்டது.

மே 10

எங்கள் தொழிலில் மே மாதம் தீபாவளி மாதிரி. ஊர் முழுக்க மார்க் எடுத்த பிள்ளைகளின் முகம் தொங்கியாக வேண்டும். கனிஷ்கா படித்த பள்ளியின் ஆர்டர்தான் பெரியது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டுவது. மேலே தாளாளர் படம், அவர் அப்பா படம், பிள்ளையார் படம். மூன்றில் பிள்ளையார்தான் சின்னவர். கீழே முதல் மூன்று பேருக்கு மூன்று கட்டம்.

காலையில் டிபன் சாப்பிடும்போது மூன்றாவது கட்டத்துக்குப் படம் கேட்டேன். கனிஷ்கா தட்டிலிருந்து நிமிரவில்லை.

“எம் படம் வேண்டாம்ப்பா.”

“பேரு?”

“பேரு போட்டுக்கங்க. மார்க்கும் வேண்டாம்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. செல்வநாயகி இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டுமா என்று கேட்டாள்.

கடைக்கு வந்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அடியில் பெயரை மட்டும் போட்டு மெஷினில் ஓட்டினேன். கல்யாண பேனரில் மாமன் தலை சின்னதாகிவிட்டது என்று என் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. தலையே வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் என் மகள்.

மே 12

தாளாளர் கடைக்கே வந்துவிட்டார், ஸ்வீட் பாக்ஸோடு. படம் ஏன் இல்லை என்று கேட்க வந்திருக்கிறார் என நினைத்தேன். அதற்கும்தான், ஆனால் முக்கியமான விஷயம் வேறு. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இவருக்கு ஆள் இருக்கிறதாம். கனிஷ்காவுக்கு ஃபீஸே கிடையாது, ஹாஸ்டல் இலவசம், லேப்டாப்பும் தருவார்களாம். ஏசி வகுப்பு. வகுப்பில் முப்பதே பேர்.

“அவ சென்னை யுனிவர்சிட்டிக்கு அப்ளிகேசன் போட்டுட்டாளுங்க. அஞ்சு வருசம் புள்ளியியல் படிக்கறாளாம்.”

“கவர்மெண்ட் யுனிவர்சிட்டிங்களா!” ஸ்வீட் பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது அவர் முகம். “அங்க ஆயிரக்கணக்குல பசங்க. வாத்தியாருக்குப் பேருகூடத் தெரியாதுங்க. இத்தன மார்க்கு எடுத்த புள்ளைய அந்தக் கூட்டத்துல கொண்டுபோயித் தள்ளலாமுங்களா?”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பேசத் தொடங்கிவிட்டேன். பழைய பெரிய லைப்ரரி இருக்கிறது, எல்லா ஜில்லாப் பிள்ளைகளும் வருவார்கள், நல்ல வாத்தியார்களும் இருக்கிறார்கள் என்று. எல்லாம் அவள் முந்தின நாள் லேப்டாப்பில் காட்டியதுதான். வக்கீல் மாதிரி வாதாடினேன், ஆனால் கட்சிக்காரி எதற்காக வழக்குப் போட்டாள் என்று வக்கீலுக்கே தெரியாது.

போகும்போது தாளாளர் குரலைத் தாழ்த்தினார். “உங்க பையன் விசயத்துல நடந்தத மனசுல வெச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி நான் ரோலை மாற்றினேன்.

மே 14

ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோட்டிலிருந்து மச்சான் சதாசிவம் வந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர், வடநாடு முழுக்க போர் போட்டவர். எதைப் பார்த்தாலும் எத்தனை அடியில் தண்ணி என்று கேட்கிற மனசு.

“அதென்ன மாப்ள புள்ளியியலு? படிச்சுப்போட்டு ஊடு ஊடாப் போயி எத்தன தலைன்னு எண்ணறதுக்கா?”

“எண்ணினா என்னங்க மாமா?” என்றாள் கனிஷ்கா. “உங்க ஊட்டுக்கு வந்து உங்களையும் ஒரு தலையின்னு எழுதிக்குவேன்.”

வாய் விட்டுச் சிரித்தார். அவள் கை கழுவப் போன பிறகு சிரிப்பை நிறுத்தினார். “வெளையாட்டு இல்ல மாப்ள. தனியாரு சும்மா கூப்புடறான். அத உட்டுப்போட்டு அங்க அனுப்புனா, ஊர்ல என்ன சொல்லுவாங்க? மவனப் பறிகொடுத்ததுல இவங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சும்பாங்க.”

செல்வநாயகி கோழிக்குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் யாரும் மறுசோறு வாங்கியிருக்கவில்லை.

மே 15

செல்வநாயகிக்குத் தனியாரும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். நாமக்கல் ரோட்டில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. காலையில் காலேஜ் பஸ் வந்து வாசலில் ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் வாசலில் இறக்கிவிடும். அங்கே சேர்க்கச் சொல்கிறாள்.

“ஏனுங்க, அத்தன பேருக்கு நடுவால எம்புள்ள ஒரு நா வகுப்புக்கு வரலீன்னா யாருக்குத் தெரியும்? சாப்புட்டாளான்னு யாரு கேப்பா?”

தாளாளரிடம் வாதாடியதெல்லாம் இவள் முன்னால் எடுபடாது. லைப்ரரி பெரியது என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

மே 16

கடை லீவு. கனிஷ்கா பேசவில்லை, அவள் அம்மாவும் பேசவில்லை. டிவி மட்டும் பேசியது.

மே 22

பஸ் ஸ்டாண்டில் பேனர் ஏறிவிட்டது. டீ குடிக்கப் போனபோது பார்த்தேன். முதல் கட்டத்தில் ஒரு பையன், இரண்டாவதில் ஒரு பெண், மூன்றாவதில் வெறும் நீலம். காற்றில் அந்த இடம் மட்டும் உப்பி உப்பி அடங்கியது.

கீழே பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஊரில் இன்னொரு ஃப்ளெக்ஸ் கடை அவனுடையது. மூன்று வருடமாக நாங்கள் பேசுவதில்லை. தொழில் போட்டி என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

“ஏனுங்கண்ணா, பாப்பா படம் போடலீங்களா?” என்றான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 28

இன்று எழுத நிறைய இருக்கிறது. எழுத முடிகிற வரைக்கும் எழுதுகிறேன்.

மத்தியானம் கனிஷ்கா கடைக்கு வந்தாள். ஒரு கோவில் கும்பாபிஷேக பேனர் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததற்கு ஓரம் மடித்துக் கயிறு கோக்க ரிங் அடிக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடித்த வேலை அது. முன்பெல்லாம் அண்ணனும் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு அடிப்பார்கள்.

“சென்னைதான் வேணும்னு ஏம்மா ஒத்தக்கால்ல நிக்கறே? உங்கம்மாவுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?” என்றேன்.

ரிங் அடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“அண்ணன் காலேஜ்ல எல்லாருக்கும் எல்லாரு மார்க்கும் தெரியுமில்லீங்கப்பா? ஃபெயிலானவங்க பேர மெஸ் வாசல்ல ஒட்டுவாங்க. அதத் தாண்டித்தான் சோத்துக்குப் போவோணும். இங்கயும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில, எல்லா எடத்துலயும் அண்ணனத் தெரியும். நூத்துக்கு நூறு வாங்கின பையன்னு.”

இன்னும் இரண்டு ரிங் அடித்தாள்.

“எனக்கு யாருக்கும் என்னையத் தெரியாத எடம் வேணும்ப்பா. அங்க கூட்டத்தோட கூட்டமா உக்காந்துக்குவேன். நல்லாத்தான் படிப்பேன், அது வேற. ஆனா ஒருக்கா முடியாமப் போச்சுன்னு வைங்க. மறுநா எந்திரிச்சு நாலு பேரோட சாப்புடப் போவோணும். அதுக்கு எடம் பெருசா இருக்கோணும்.”

மிதுனைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவன் பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு. பேனருக்கு அவன் படத்தை நான்தான் கட் பண்ணினேன், முடியோரத்தில் ஒரு இழைகூடப் பிசகாமல். பையனின் சுருட்டை முடிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. கண்டிப்பான காலேஜ் என்று பேர் வாங்கிய இடத்தில் இன்ஜினியரிங் சேர்த்தோம். ஒவ்வொரு பரீட்சை மார்க்கும் எங்கள் போனுக்கு வந்துவிடும். எவ்வளவு பொறுப்பான இடம் என்று எல்லோரிடமும் காட்டினோம். முதல் செமஸ்டரில் ஒரு மெசேஜ் வந்தது, கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை என்று. ஒரே ஒரு அரியர். பரவாயில்லை சாமி என்று சொல்லத்தான் கூப்பிட்டோம், மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். அவன் எடுக்கவில்லை. காலையில் வார்டன் கூப்பிட்டார்.

அன்று என் கடை மூடியிருந்தது. அஞ்சலி பேனரைப் பொங்கியண்ணன் போட்டான். அவசரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டு, அந்தப் பழைய பேனர் ஃபைலையே வாங்கிப் போட்டிருக்கிறான். அதே படம், அதே சிரிப்பு. நான் கட் பண்ணிய நேர்த்தியால் அவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. அதற்குத்தான் நான் அவனோடு பேசுவதில்லை. ஆனால் இன்று கனிஷ்கா சொன்னது இதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

“அதுல மார்க்க எடுக்க மறந்துட்டாங்கப்பா.”

தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறான். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, என் மகனின் நெஞ்சுக்கு நேரே, கணிதம் 100/100.

தெருமுனையில் காரியம் முடியும்வரை அது தொங்கியது. தினமும் அதன் கீழேதான் போய் வந்தேன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, அதனால் எதையுமே பார்க்கவில்லை. ஒன்பதாவது படித்த பெண் பார்த்திருக்கிறாள். கடையிலிருந்து வெள்ளை ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டுபோய், நாற்காலி போட்டு ஏறி, அந்த எண்ணின் மேல் ஒட்டியிருக்கிறாள். பனியில் உரிந்துவிடுமாம். மறுபடி போய் ஒட்டுவாளாம். அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று விடியுமுன்னே போய் ஒட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வாளாம்.

கும்பாபிஷேக பேனர் முடிந்து மெஷின் தானாக நின்றுவிட்டது. நான் அடுத்த வேலையைப் போடவில்லை. அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், நான் குழந்தை மாதிரி.

ஜூன் 2

பொங்கியண்ணன் கடைக்குப் போனேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவனே சொன்னான்.

“அன்னிக்கு அவசரத்துல கீழ மார்க்கு இருக்கறதப் பாக்கவே இல்லீங்கண்ணா. மூணாம் நாளு அந்தப் பக்கம் வந்தப்பத்தான் பார்த்தேன், பாப்பா நாற்காலி மேல நிக்குது. கழட்டலாம்னு கிட்ட வந்தேன். பாப்பா என்னையப் பாத்துப்போட்டு, வாய் மேல வெரல வெச்சுக் காட்டுச்சு. திரும்பிப் போயிட்டனுங்க.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீ சொன்னான், குடித்தேன். எழுந்து வரும்போது, மை தீர்ந்தால் கேளு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9

சீட் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலும்.

ஜூன் 10

செல்வநாயகி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எனக்குத் தெரியுமுங்க,” என்றாள். “நாற்காலிக் காலு முழுக்கச் சேறா இருக்கும். நாந்தான் தினமும் தொடச்சு வெப்பேன்.”

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு இத்தனை நாள் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறோம்.

அப்புறம் அவளுடைய பயத்தைச் சொன்னாள். “அவனையும் இப்படித்தான் பொட்டி கட்டி அனுப்புனோம். அந்தக் கூட்டத்துல இவளும் தொலஞ்சு போயிட்டா நான் எங்கீங்க போவேன்?”

“அவன் தொலஞ்சு போகல நாயகி. எந்நேரமும் எல்லாரு கண்ணுலயும் இருந்தான். நம்மளும் பாத்துக்கிட்டே இருந்தோம், காலேஜும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒளியறதுக்கு ஒரு எடமில்லாமப் போச்சு அவனுக்கு.” நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். “இவ தொலஞ்சா தொலையட்டும். தொலஞ்ச புள்ளையத் தேடிக் கண்டுபுடிச்சுக்கலாம்.”

அவள் சரி என்று சொல்லவில்லை. எழுந்துபோய் அரிசி களைந்தாள். ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 23

பெட்டி கட்டியாயிற்று. பருப்புப்பொடி, நெல்லிக்காய் ஊறுகாய், எண்ணெய். செல்வநாயகி சென்னைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்தவில்லை. பஸ் ஏறும்போது கனிஷ்காவின் துப்பட்டாவைச் சரிசெய்தாள், சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

ஜூன் 24, சென்னை

இவ்வளவு ஜனத்தை நான் தேர்த்திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தாலும் பெட்டி, அப்பா, அம்மா, வரிசை. ஒரு வரிசையில் நின்று முன்னால் போனால் இந்த வரிசை இல்லை என்கிறார்கள். மதுரைக்காரர் ஒருவர் பேனா கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. ஃபேன் ஓடவில்லை. தாளாளர் பார்த்திருந்தால் அப்பவே சொன்னேனே என்று மகிழ்ந்திருப்பார்.

அடையாள அட்டைக்கு அங்கேயே கேமராவில் படம் எடுத்தார்கள். கனிஷ்கா கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி, பார்க்க அவ்வளவு கேவலமாக இருக்கிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம். “இத எவனும் பேனர்ல போட மாட்டான்ப்பா!” சத்தமாகச் சிரித்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை கூட்டம்.

அவள் ஹாஸ்டல் அறையைப் பார்க்கப் போனாள், ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான் கேன்டீன் படியில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு படி கீழே ஒரு பையன், பார்க்க இங்கேயே பல வருடமாகக் குடியிருப்பவன் போல. ஒரு கையில் முட்டை பப்ஸ், இன்னொரு கையில் போன்.

“ஒம்பது அரியர்டா மச்சான்... டேய், பத்து இல்லடா! ஒண்ண க்ளியர் பண்ணிட்டேன்ல? அதுக்குத்தான் இந்த ட்ரீட்டே!”

பப்ஸ் துகள் சட்டை முழுக்க உதிரச் சிரித்தான். ஒன்பது. என் பிள்ளைக்கு ஒன்று.

அப்போதுதான் செல்வநாயகி கூப்பிட்டாள்.

“ஏனுங்க, எடம் எப்படி இருக்குது?”

வரிசையைப் பற்றியும் ஃபேனைப் பற்றியும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இங்க ஒரு பையன் நாயகி... ஒம்பது அரியர் வெச்சிருக்கான். உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்கான். சிரிக்கறான்” என்றுதான் வந்தது.

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன், போகவில்லை.

“என்ன சாப்புடறான்?” என்றாள்.

“முட்டை பப்ஸு.”

“மணி ரெண்டாவுது. வெறும் பப்ஸத் தின்னா பசியடங்குமா? அந்தப் பையனுக்குச் சோறு வாங்கிக் குடுத்துப்போட்டு வாங்க.”

டோக்கன் வாங்கி அவனிடம் நீட்டினேன். “எதுக்கு அங்கிள்?” என்றான். “வீட்டுல சொன்னாங்க தம்பி” என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.